லித்தியம் பஃபரிலும் 264 நா.மீ.-இல் சிடி (டிஎன்ஏ மடிப்பைக் காட்டும் ஒளி அளவீடு, circular dichroism) பீக் வருவது ஏன்? (சி-மிக் புரோமோட்டர்)

கேள்வி:
சி-மிக் ஜீனின் பி1 புரோமோட்டருக்கு (ஜீன் படியெடுப்பு தொடங்கும் பகுதி) மேலே உள்ள ஜி நிறைந்த பகுதியிலிருந்து பியு27 ஒலிகோவை (27 எழுத்து கொண்ட ஒற்றை இழை டிஎன்ஏ) எடுத்துள்ளேன். 5 மைக்ரோமோலார், 1 செ.மீ. குவெட். பொட்டாசியத்தில் 264 நா.மீ.-இல் ஏற்றம், 240-இல் இறக்கம். அதாவது இணைப்போக்கு ஜி-குவாட்ரப்ளெக்ஸ் (நான்கு ஜி தொடர்கள் ஒரே திசையில் சேர்ந்து மடியும் வடிவம்). ஆனால் இதில் மடியாது என்று கன்ட்ரோலாக வைத்த 100 மில்லிமோலார் லித்தியம் குளோரைடிலும் அதே பீக், சற்றுக் குட்டையாக. சூடேற்றி மடிப்பு அவிழ்வதைப் பார்க்கும் உருகல் வளைவும் 95 டிகிரி வரை போய் முடிவதில்லை.

பதில் 1:
பிஎச் மீட்டரைத்தான் முதலில் சந்தேகிப்பேன். எலக்ட்ரோடுக்குள் இருப்பது 3 மோலார் பொட்டாசியம் குளோரைடு, பஃபரில் முக்கி வைத்தால் கசியும். இந்த வரிசை மடிய ஒரு மில்லிமோலாருக்கும் குறைவான பொட்டாசியமே போதும். சிறு அளவைத் தனியே ஊற்றி பிஎச் பாருங்கள். பார்த்ததைக் கொட்டிவிடுங்கள், பாட்டிலுக்குத் திரும்ப ஊற்றாதீர்கள். பிஎச் ஏற்ற லித்தியம் ஹைட்ராக்சைடு மட்டும். பஃபர் கேகோடைலேட் என்றால் ஆர்சனிக் கழிவு, தனி கேன்.

பதில் 2:
உருகல் முடியாதது கோளாறு அல்ல. 100 மில்லிமோலார் பொட்டாசியத்தில் இது அவ்வளவு உறுதி. பொட்டாசியத்தை 1 மில்லிமோலாருக்கு இறக்கி, மீதியை லித்தியம் குளோரைடால் நிரப்புங்கள். 295 நா.மீ.-இல் உறிஞ்சளவைப் பின்தொடருங்கள். இரட்டைச்சுருளை 260-இல் பார்த்துப் பழகியவர்களுக்கு இது தலைகீழாகத் தெரியும்: சூடேற ஏற வளைவு கீழே இறங்கும். நிமிடத்துக்கு 0.5 டிகிரி, ஆற வைத்தும் அளக்கவும். இரண்டு வளைவும் ஒட்டவில்லை என்றால் வேகம் அதிகம், அல்லது இழைகள் ஒன்றோடொன்று சேர்ந்திருக்கின்றன. எது என்று அறிய ஒலிகோ அளவைப் பத்து மடங்கு மாற்றிப் பாருங்கள். ஒரே இழை மடிந்ததென்றால் உருகுநிலை அசையாது. மூடி இறுக்கமாக இருக்கட்டும், ஆவியானால் எல்லாம் போச்சு.

பதில் 3:
பியு27-இல் மூன்றுக்குக் குறையாத ஜி தொடர்கள் ஐந்து உள்ளன. மடிய நான்கு போதும். ஆகவே நீங்கள் அளப்பது ஒரே வடிவமல்ல, கலவை. சுத்தமான ஒன்று வேண்டுமென்றால் இதன் குறுகிய வடிவமான பியு22 எடுங்கள், பியு27-இன் எண்ணிக்கைப்படி 14, 23-ஆம் இடங்களில் ஜி-க்குப் பதில் டி வைத்தது. உண்மையான கன்ட்ரோல் லித்தியம் அல்ல, தொடர்களின் நடு ஜி-களை மாற்றிய ஒலிகோ. அதிலும் 264 உயர்ந்து நின்றால் ஆர்டர் செய்த வரிசையையே சரிபாருங்கள். இன்னொன்று: செல்லில் எதிரே சி இழை இருக்கிறது. ஒற்றை இழை மடிந்ததை வைத்து புரோமோட்டரும் மடிகிறது என்று எழுதினால் ரிவ்யூவர் விடமாட்டார்.