சண்டைப் பயிற்சியா, அடவமைப்பா?

நண்பர்களுக்கு வணக்கம்.

‘ஆக்‌ஷன் கோரியோகிராஃபி’ (படச் சண்டையை அசைவு அசைவாக யோசித்து உருவாக்குவது) என்பதற்குத் தமிழ்ச் சொல் வேண்டும் என்று போன வாரம் இங்கே கேட்டது நான்தான். எதற்காக என்று அப்போது சொல்லவில்லை. ஹாங்காங் நடிகர் சம்மோ ஹங்கை மனத்தில் வைத்து ஒரு குங்ஃபூ படத்துக்குக் கதைச்சுருக்கம் எழுதிக்கொண்டிருக்கிறேன். யாரும் எடுக்கப்போகும் படமில்லை, என் மனத்துக்குள் மட்டும் ஓடுவது. திரைப்படச் சண்டைகளை உருவாக்கியே வாழ்ந்த முதியவர்தான் நாயகன். அவருடைய தொழிலைத் தமிழில் எழுத வேண்டிய இரண்டாவது வரியிலேயே நின்றுவிட்டேன்.

‘சண்டைப் பயிற்சி’ இருக்கிறதே என்று பலர் எழுதினீர்கள். நம் படங்களின் பெயர் வரிசையில் நெடுங்காலமாக வரும் சொல் அது, எனக்கும் பிரியமானது. ஆனால் பயிற்சி என்றால் ஒருவருக்குக் கற்றுக்கொடுப்பது. சம்மோ செய்த வேலை அதற்கும் அப்பால் போகிறது.

1952இல் பிறந்தவர். சின்ன வயதிலேயே யூ சிம்-யூன் என்ற ஆசிரியரின் பீகிங் இசைநாடகப் பள்ளியில் சேர்க்கப்பட்டார். ஜாக்கி சானும் யூன் பியாவும் அங்கே அவருக்கு இளையவர்கள். பாட்டு, குட்டிக்கரணம், கோல், வாள் எல்லாம் அங்கே ஒரே பாடம். அந்த மேடையில் சண்டை என்பது தாளத்துக்குக் கட்டுப்பட்டது: வாள் சுழல்வதும் ஆள் விழுவதும் மேளத்தோடும் தாளத்தட்டோடும் பொருந்தி நடக்கும். 1973இல் ‘என்டர் தி டிராகன்’ படத்தின் தொடக்கத்தில் புரூஸ் லீயிடம் தோற்கும் பருத்த இளைஞர் இவர்தான். அப்புறம் இயக்குநர், தயாரிப்பாளர், நாயகன் என்று எல்லாம் ஆனார். 1988இல் ‘பெயின்டட் ஃபேசஸ்’ படத்தில் தன் ஆசிரியர் யூவின் வேடத்தையே ஏற்று, ஹாங்காங் திரைப்பட விருதுகளில் சிறந்த நடிகர் ஆனார். பிரம்பு பிடித்த அந்தக் கையில் கண்டிப்பும் பாசமும் சேர்ந்தே தெரியும். அதைப் பார்த்த நாளிலிருந்து அவர் எனக்கு வெறும் சண்டை நடிகர் இல்லை.

‘இப் மேன்’ என்ற குங்ஃபூ படத்தை (2008) இயக்கியவர் வில்சன் யிப். அதன் சண்டைகள் சம்மோவும் டோனி லியூங் சியூ-ஹங்கும் செய்தவை, அதற்குத் தனி விருதும் வாங்கினார்கள். ஆகவே ‘சண்டை இயக்குநர்’ என்ற பரிந்துரையில் நியாயம் உண்டு. ஆனால் அது ஆளைத்தான் குறிக்கிறது, அவர் படைக்கும் பொருளுக்குப் பெயர் தரவில்லை. ‘சண்டை அமைப்பு’ என்று எழுதினால் ஏதோ ஆயுதக் குழு என்று தோன்றிவிடும். ‘வடிவமைப்பு’ என்றால் சேலைக்கரை, புத்தக அட்டை என அசையாத பொருள்கள்தான் எனக்கு நினைவுக்கு வருகின்றன.

‘இப் மேன் 2’ படத்தின் வட்டமேசைச் சண்டையை எடுத்துப் பாருங்கள். சம்மோவும் நாயகன் டானி யென்னும் ஒரே மேசைமேல் நிற்கிறார்கள். ஒருவர் கால் மாற்றினால் மேசை சாய்கிறது. அந்தச் சாய்வைச் சமன் செய்ய மற்றவர் வைக்கும் அடியே அடுத்த தாக்குதலாகிறது. ஹாங்காங் முறையில் ஒரு காட்சித்துண்டுக்கு (ஷாட்) சில அசைவுகள்தான் இருக்கும். கேமரா எங்கே நிற்க வேண்டும், எந்த அடியில் காட்சியை வெட்ட வேண்டும் என்பதையும் சண்டையை உருவாக்குபவரே பெரும்பாலும் முடிவு செய்வார். துண்டு துண்டாகக் கோத்துக் கட்டும் வேலை இது.

கோத்துக் கட்டுவது என்றதும் எனக்கு ‘அடவு’ நினைவுக்கு வந்தது, ஆட்டத்தின் அடிப்படை அசைவுக்கான சொல். பரதத்தில் தட்டடவு, நாட்டடவு, குத்தடவு என்கிறோம். தெருக்கூத்திலும் அடவு உண்டு. கேரளச் சண்டைக்கலையான களரிப்பயிற்றில் சண்டை நுட்பத்துக்கே அந்தப் பெயர்தான். ஆட்டத்துக்கும் அடிதடிக்கும் பொதுவாக நம்மிடம் இப்படி ஒரு சொல் இருக்கும்போது வெளியே தேடுவானேன்? பீகிங் மேடையிலிருந்து வந்த சம்மோவுக்கு இதைவிடப் பொருத்தமான சொல் எனக்குத் தெரியவில்லை.

எனவே என் பரிந்துரை இது. ஒற்றை அசைவு ‘அடவு’. ஒரே காட்சித்துண்டில் வரும் அசைவுத் தொடர் ‘கோர்வை’. பரதத்தில் அடவுகளைக் கோத்தால் அதுதானே பெயர்? முழுச் சண்டையையும் யோசித்துக் கட்டுவது ‘சண்டை அடவமைப்பு’. புணர்ச்சியில் உறுத்தல் இல்லை: கதவு, அடைப்பு சேர்ந்து கதவடைப்பு ஆவதுபோல அடவு, அமைப்பு சேர்ந்து அடவமைப்பு. ‘சண்டைப் பயிற்சி’ நடிகருக்குக் கற்றுத்தரும் பகுதிக்கு அப்படியே இருக்கட்டும்.

நாட்டியக்காரர்களுக்கு மட்டும் புரியும் சொல் என்று ஒரு நண்பர் தனிமடலில் தயங்கினார். தயக்கம் சரிதான். ஆனால் ‘சண்டை’ என்ற சொல் முன்னால் நிற்பதால் வாசகர் தடுமாற மாட்டார் என்று நம்புகிறேன். கேமராவின் இடம் அடவுக்குள் அடங்குமா என்ற கேள்விதான் எனக்குக் கடினமாக இருக்கிறது. அதை ‘அமைப்பு’ தாங்கும் என்று நினைக்கிறேன். இதில் ஒளிப்பதிவு தெரிந்தவர்கள் எழுதினால் நன்றி.

சொல்லை ஓடவிட்டுப் பார்த்த இடம் என் கதைச்சுருக்கம். அந்த வரிகளையே தருகிறேன், எங்கே இடறுகிறது என்று சொல்லுங்கள்:

“நாற்பது ஆண்டுகள் சண்டை அடவமைப்பாளராக இருந்தவர். இப்போது முழங்கால் மடங்காது. பழைய தேநீர்க் கடையில் மூங்கில் நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறார். கடையைக் காலி செய்யச் சொல்லி மூன்று பேர் வருகிறார்கள். அவர் எழவில்லை. முதல் கோர்வையில் கெண்டி மூடியும் கைத்தடியும்தான் ஆயுதம். இரண்டாவதில் நாற்காலி பின்னால் சாய்கிறது, விழுமுன் தடியை ஊன்றி நிமிர்கிறார். மூன்றாவது ஆள் கையோங்கிய இடத்திலேயே நிற்கிறான். அந்த அடவு அவனுக்குத் தெரியும். சிறுவனாக இருந்தபோது அதை அவனுக்குச் சொல்லிக்கொடுத்தவர் இவர்தான்.”