நகராட்சி இணையதளத்தில் நாளைக்குத் தலைக்கு 135 லிட்டருக்குப் பக்கம் குடிநீர் என்று காட்டுகிறது, எங்கள் தெருவில் நாலு குடம் பிடிப்பதே பாடு. இந்தத் தரவை வைத்து எப்படிப் பேசுவது?

கேள்வி: மேட்டுத்தெரு செல்வி

ஊர்ப் பெயர் வேண்டாம், தமிழ்நாட்டில் ஒரு நடுத்தர நகராட்சி. எங்கள் தெரு ஊரின் மேட்டுப் பக்கம். ஒருநாள் விட்டு ஒருநாள் தண்ணீர். வருகிற நாளிலும் முதலில் வெகுநேரம் குழாயில் காற்றுதான் சீறும். அதே நேரத்தில் பேருந்து நிலையத்துப் பக்கம் வாசலுக்கு ஹோஸ் பிடித்துத் தண்ணீர் அடிக்கிறார்கள்.

கவுன்சிலரிடம் போனால், "நம்ம ஊர் சப்ளை நல்லாத்தானம்மா இருக்கு, நெட்லயே போட்டிருக்கே" என்கிறார். இறக்கிப் பார்த்தேன். உண்மைதான், போட்டிருக்கிறது. ஆனால் ஊர் முழுக்க ஒரே எண். வார்டுவாரியாக ஒன்றும் இல்லை. அடுத்த மாதம் ஏரியா சபை (எங்கள் பகுதி மக்கள் கூட்டம்) கூடுகிறது. வெறுங்கையோடு போய்ப் புலம்பிவிட்டு வர மனசில்லை. யாராவது வழி சொல்லுங்கள்.

பதில்: எக்செல் முருகன்

செல்வி அக்கா, வார்டுவாரியாக ஒன்று உண்டு. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின் வீட்டுப் பட்டியல் அட்டவணைகளை எடுங்கள். ஒவ்வொரு வார்டிலும் எத்தனை சதவீத வீடுகளுக்குக் குழாய்த் தண்ணீர், எத்தனைக்குக் கிணறு, போர். அது வீட்டுக்குள்ளேயே இருக்கிறதா, பக்கத்திலா, தூரத்திலா என்றெல்லாம் இருக்கும். பழைய தரவுதான். அடுத்த கணக்கெடுப்பே 2027-ல்தான். ஆனாலும் உங்கள் வார்டையும் பேருந்து நிலைய வார்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டலாம்.

பதில்: ஓய்வுபெற்ற குடிநீர்ப் பொறியாளர்

அம்மா, தளத்தில் வரும் அந்தத் தலைக்கு இத்தனை லிட்டர் கணக்குக்கான படிவங்களை நிரப்பிக் கொடுத்த ஆள் நான். அந்த எண் எப்படிப் பிறக்கிறது என்று சொல்கிறேன். அது தெரியாமல் சபையில் நின்றால் ஒரே கேள்வியில் உட்கார வைத்துவிடுவார்கள்.

நீரேற்று நிலையத்தில் பம்ப் ஆபரேட்டர் ஒரு நோட்டு வைத்திருப்பார். மோட்டார் போட்ட நேரம், நிறுத்திய நேரம். பல ஊர்களில் ஃப்ளோ மீட்டர் (குழாயில் ஓடும் தண்ணீரை அளக்கும் கருவி) இருக்காது, இருந்தாலும் ஓடாது. ஓடிய மணி நேரத்தைப் பம்பின் தகட்டில் போட்டிருக்கும் திறனால் பெருக்குவார்கள். அதுதான் அன்றைய சப்ளை. பம்ப் வாங்கிப் பல வருஷம் ஆகி, இம்பெல்லர் (உள்ளே சுழன்று தண்ணீரைத் தள்ளும் பாகம்) தேய்ந்திருக்கும், வோல்டேஜும் இறங்கியிருக்கும். தகட்டில் உள்ள திறன் மட்டும் அப்படியே கணக்கில் ஏறும்.

பிறகு வகுத்தல். ஒரு கணக்குப் போட்டுக் காட்டுகிறேன். நாளைக்கு 1 கோடி லிட்டர், 2011 மக்கள் தொகை 80,000 என்று வைத்துக்கொள்ளுங்கள். தலைக்கு 125. இன்று ஊரில் ஒரு லட்சம் பேர் என்றால் 100. வழியில் 30 சதவீதம் கசிந்துபோனால் 70. மூன்றும் அதே தண்ணீர்தான்.

இதில் கசிவைக் கழிக்காதது யாரும் செய்த தில்லுமுல்லு அல்ல, விதியே அப்படி. 2008-ல் மத்திய நகர்ப்புற வளர்ச்சி அமைச்சகம் வெளியிட்ட சேவைத் தர அளவுகோல் கையேட்டின்படி, சுத்திகரித்துப் பகிர்மானக் குழாய்க்குள் விட்ட தண்ணீரைத்தான் அளக்க வேண்டும். கசிவும் கணக்கில் வராத தண்ணீரும் தனி அளவுகோல். அது 20 சதவீதத்துக்கு மேல் போகக் கூடாது. மத்திய அரசின் நிதி மாநிலங்களுக்கு எப்படிப் பிரியும் என்று பரிந்துரைக்கும் நிதிக்குழுவில் 13-வது குழு, இந்த அளவுகோல்களை அரசிதழில் வெளியிடும் ஏற்பாட்டை ஊக்க மானியத்துக்கு நிபந்தனைகளில் ஒன்றாக வைத்தது. அதிலிருந்து வருஷா வருஷம் படிவம் நிரப்புவது பழக்கமாகிவிட்டது.

இப்போது உங்களுக்கு வேண்டிய இடத்துக்கு வருகிறேன். அதே கையேட்டில் இரண்டு விஷயங்கள் இருக்கின்றன, இரண்டையும் பெரும்பாலும் யாரும் கேட்பதே இல்லை. ஒன்று, ஒவ்வொரு எண்ணுக்கும் நம்பகத்தன்மைக்கு ஏ முதல் டி வரை ஒரு தரம் போட வேண்டும். மீட்டர் வைத்து அளந்தால் மேல் தரம், உத்தேசக் கணக்கென்றால் கடைசித் தரம். இரண்டு, தலைக்கு 70 லிட்டருக்குக் கீழே தண்ணீர் போகும் பகுதிகளில் எத்தனை பேர் இருக்கிறார்கள், அங்கே எவ்வளவு விடுகிறோம் என்று தனியாகக் காட்ட வேண்டும். உங்கள் தெரு இருக்க வேண்டிய வரி அதுதான். சராசரி சரியா தப்பா என்று வாதாடப் போகாதீர்கள். "அந்த வரியில் என்ன எழுதியிருக்கிறீர்கள், எண்ணுக்கு என்ன தரம் போட்டிருக்கிறீர்கள்?" என்று கேளுங்கள். பதில் வராவிட்டால் தகவல் உரிமைச் சட்டத்தில் படிவத்தின் நகலும் நீரேற்று நிலைய நோட்டின் நகலும் கேட்டு மனுப் போடுங்கள்.

செல்வி: சார், மிக்க நன்றி. எங்கள் பக்கத்து அளவை நாங்களே எடுத்தால் ஏற்பார்களா? நகராட்சிப் புகார் எண்ணில் எங்கள் தெருவிலிருந்து வந்த புகார் மிகக் குறைவு என்றும் சொல்கிறார்களே?

பதில்: ஃபாத்திமா (நகரத் திட்டமிடல் படிக்கிறேன்)

புகார் எண்ணிக்கை பற்றி மட்டும் சொல்கிறேன், எனக்கு இதில் கோபமே உண்டு. புகார் குறைவு என்றால் பிரச்சினை குறைவு என்று அர்த்தமில்லை. கூப்பிட்டும் ஆள் வராத தெரு, கூப்பிடுவதை நிறுத்திவிடும். அமெரிக்காவில் பாஸ்டன் நகரம் 2012 வாக்கில் ஒரு செயலி விட்டது, கார் குலுங்குவதை வைத்துக் கைபேசியே சாலைப் பள்ளத்தைப் பதிவு செய்யும். ஸ்மார்ட்போன் அதிகம் வைத்திருந்த வசதியான பகுதிகளின் பள்ளங்கள்தான் அதிகம் பதிவாகும் என்ற விமர்சனம் வந்தது. தரவு எங்கிருந்து வராமல் இருக்கிறது என்று பார்ப்பதும் தரவு பார்ப்பதுதான்.

சாமானியர் எடுத்த கணக்கை அரசு ஏற்ற கதையும் உண்டு. நியூயார்க்கில் பென் வெல்லிங்டன் என்பவர் நகரத்தின் திறந்த பார்க்கிங் அபராதத் தரவை ஆராய்ந்து, சட்டப்படி நிறுத்தலாம் என்று விதி மாறிய இடங்களிலும் போலீஸ் அபராதம் போடுவதை 2016-ல் காட்டினார். போலீஸ் துறை தவறை ஒப்புக்கொண்டு காவலர்களுக்குப் புதிய விதியை விளக்கியது. ஒரே கேள்வி, இடங்களின் பட்டியலோடு.

பதில்: ஓய்வுபெற்ற குடிநீர்ப் பொறியாளர்

ஃபாத்திமா சொன்னது நூற்றுக்கு நூறு. இனிமேல் குழாய் வராத ஒவ்வொரு நாளும் புகார் எண்ணில் பதிந்து, பதிவு எண்ணை வாங்கி வையுங்கள்.

அளவு எடுப்பது சுலபம். மேட்டில் ஒரு வீடு, ஊருக்குத் தண்ணீர் விடும் மேல்நிலைத் தொட்டிக்குப் பக்கத்தில் ஒரு வீடு. இரண்டிலும் ஒரே அளவு வாளி. தண்ணீர் வந்த நேரம், நின்ற நேரம், காற்று போய் நீரோட்டம் சீரான பின் வாளி நிறைய எத்தனை வினாடி, அவ்வளவுதான். யாரும் குழாயில் மோட்டார் போட்டு உறிஞ்சவில்லை என்று உறுதி செய்துகொண்டு எடுங்கள். அதிகாரி முதலில் கேட்பது அதைத்தான். நாலு வாரம் விடாமல் எழுதுங்கள். வால்வைத் திறந்து மூடும் வாட்டர்மேனையும் பக்கத்தில் நிறுத்தி ஒருநாள் அளந்து கையெழுத்து வாங்க முடிந்தால் இன்னும் பலம். அவரைக் குற்றவாளி ஆக்காதீர்கள். எந்த வால்வை எவ்வளவு நேரம் திறப்பது என்ற உத்தரவு மேலே இருந்து வருகிறது.

சபையில் கேட்பதைச் செலவு குறைந்ததிலிருந்து தொடங்குங்கள். முதலில் வால்வு நேரத்தை மாற்றி மேட்டுப் பக்கம் முன்னதாகத் திறக்கச் சொல்லுங்கள், அதற்குப் பணமே வேண்டாம். அடுத்து தொட்டியின் வெளிக்குழாயில் ஒரு ஃப்ளோ மீட்டர். புதுக் குழாய் கேட்பது கடைசி. மீட்டருக்கான கோரிக்கை பட்ஜெட் தயாராவதற்கு முன்பே தீர்மானமாக நகர்மன்றத்துக்குப் போக வேண்டும். மார்ச்சில் கொண்டுபோனால் அடுத்த வருஷம் என்பார்கள்.

செல்வி: தொட்டிப் பக்கம் என் சித்தி வீடு இருக்கிறது, வாளி ரெடி. தகவல் உரிமை மனுவை எழுதி இங்கே போடுகிறேன் சார், அனுப்புவதற்கு முன் ஒருமுறை பார்த்துச் சொல்லுங்கள்.