சமாரியர் இன்றும் வாழ்கிறார்களா?

பாலாற்றங்கரை (காட்பாடி): ஞாயிறு பள்ளியில், வழியில் அடிபட்டுக் கிடந்தவனுக்கு உதவிய சமாரியனைப் பற்றி இயேசு சொன்ன நல்ல சமாரியன் கதையைச் சொல்லிக்கொண்டிருந்தபோது, ஒரு சிறுமி, "அவங்க இப்ப எந்த ஊர்ல இருக்காங்க?" என்று கேட்டுவிட்டாள். எனக்கு விடை தெரியவில்லை. அவர்கள் யூதர்களா, தனிச் சமயத்தவரா? அறிந்தவர்கள் விளக்க வேண்டுகிறேன்.

கோட்டைவாசல்: வாழ்கிறார்கள். 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் 200 பேருக்கும் குறைவாகச் சுருங்கியிருந்த அச்சமூகம், இன்று 800-ஐத் தாண்டி, பாலஸ்தீன மேற்குக் கரையின் நாப்லுஸ் நகரருகே கெரிசீம் மலையிலும் இஸ்ரேலில் டெல் அவிவ் அருகே ஹோலோனிலுமாக இரண்டே இடங்களில் வாழ்கிறது. மோசேயின் ஐந்து ஆகமங்களை (பைபிளின் முதல் ஐந்து நூல்களை) மட்டுமே வேதமாக ஏற்பதும், எருசலேமுக்கு மாறாகக் கெரிசீமையே தேவன் தெரிந்துகொண்ட இடமாகக் கொள்வதும் அவர்களை யூதர்களிடமிருந்து பிரிக்கின்றன. தங்களை இஸ்ரவேலரின் வழிவந்தவர்கள் என்றே சொல்லிக்கொள்கிறார்கள்.

ஆம்பூரான்: எகிப்தின் அடிமைத்தனத்திலிருந்து இஸ்ரவேலர் விடுபட்டதை நினைவுகூரும் பஸ்கா பண்டிகையைத்தான் குறிப்பாகச் சொல்ல வேண்டும். மலைமேல் வெள்ளை உடையில் குடும்பம் குடும்பமாகக் கூடி, சூரியன் மறையும் நேரத்தில் ஆட்டுக்குட்டிகளை அறுத்து, நீண்ட கழிகளில் முழுதாகக் கோத்து, தணல் நிறைந்த ஆழ்குழிகளில் இறக்கி, வாயை மண் பூசி அடைக்கிறார்கள் (எங்கள் ஊரில் பிரியாணிக்குத் தம் போடுவதுதான் எனக்கு நினைவுக்கு வந்தது). நள்ளிரவில் புளிப்பில்லா அப்பத்தோடும் கசப்புக் கீரையோடும் உண்டு, மிஞ்சியதை எரித்துவிடுகிறார்கள்.

கோட்டைவாசல்: இஸ்ரவேலர் பாலைவனத்தில் கூடாரங்களில் தங்கியதை நினைவுகூரும் கூடாரப் பண்டிகைக்கு, யூதர்களைப் போலப் பந்தலை வெளியே போடாமல், வீட்டுக்குள் கூரையடியில் மாதுளை, எலுமிச்சை போன்ற பழங்களை நெருக்கமாகத் தொங்கவிட்டு அமைப்பதும் அவர்களுக்கே உரியது. நெடுங்காலம் தங்களுக்குள்ளேயே மணம் முடித்தவர்கள், பெண்கள் குறைந்ததால், தங்கள் நெறியை ஏற்கும் வெளிநாட்டு மணமகளிரையும் அண்மைக் காலத்தில் சேர்த்துக்கொள்கிறார்கள்.