90 சதவீதம் என்பது எதன் சதவீதம்?

நிலவன்: பூனையின் மரபணுக்களில் ஏறத்தாழ 90 சதவீதத்துக்கு மனிதரிடம் இணையான மரபணு உண்டு என்பது, 2007-இல் சின்னமன் என்ற அபிசீனியப் பூனையின் மரபணுத்தொகை, அதாவது அதன் டிஎன்ஏ முழுவதன் வரிசை, வெளியானதிலிருந்து சொல்லப்பட்டு வரும் கணக்கு. ஆகவே எலியைவிடப் பூனையே நமக்கு நெருக்கமானது என்பேன்.

கயல்: இணை மரபணு இருப்பது வேறு, டிஎன்ஏ, அதாவது ஏ, சி, ஜி, டி என்ற வேதி எழுத்துகளின் தொடர், எழுத்துக்கு எழுத்து ஒத்திருப்பது வேறு, நீங்கள் இரண்டையும் குழப்புகிறீர்கள். வம்சாவளிப்படி பார்த்தால் நம்மை உள்ளடக்கிய குரங்கினமும் எலி போன்ற கொறிணிகளும் ஒரே கிளையைச் சேர்ந்தவை. பூனையோ நாய், குதிரை, வௌவால் ஆகியவற்றோடு வேறொரு கிளையில் இருக்கிறது. எலிதான் நமக்குப் பங்காளி.

நிலவன்: பங்காளி என்பதை மறுக்கவில்லை, ஆனால் அந்தப் பங்காளி வீட்டில் பொருளெல்லாம் இடம் மாறிக் கிடக்கிறது. எலியின் வழியில், மரபணுக்களைத் தாங்கும் இழைகளான குரோமோசோம்கள் பலமுறை உடைந்து வேறிடங்களில் ஒட்டிக்கொண்டன. பூனைக்கு 19 ஜோடி குரோமோசோம்கள், நமக்கு 23 ஜோடி என்றாலும், மரபணுக்கள் அடுத்தடுத்து நிற்கும் வரிசை நெடுந்தூரம் கலையாமல் ஒத்துப்போகிறது. மரபணுவை இயக்கும் பகுதிகள் பெரும்பாலும் அதன் அருகிலேயே இருப்பதால், இந்த வரிசையை அற்பமாக ஒதுக்க முடியாது. நோயையும் பாருங்கள்: பாரசீகப் பூனைகளுக்குச் சிறுநீரகம் முழுக்க நீர்க்கட்டிகள் வருவதற்கு, பிகேடி1 மரபணுவில் ஒரே ஓர் எழுத்து, சி இருக்க வேண்டிய இடத்தில் ஏ, மாறியிருப்பதே காரணம் என்று 2004-இல் கண்டறிந்தார்கள். அதனால் புரதம் முழுமை பெறாமல் நின்றுவிடுகிறது. மனிதருக்கு வரும் இதே நோயிலும் பெரும்பாலும் பழுதாவது அதே மரபணுதான்.

கயல்: சிறுநீரக எடுத்துக்காட்டு வலுவானது, ஏற்கிறேன். ஆனால் இணை இருப்பதாலேயே வேலையும் ஒன்றாகிவிடாது. நாக்கில் இனிப்பை உணரும் புரதமான ஏற்பிக்கு இரண்டு மரபணுக்கள் தேவை. பூனையிடம் அவற்றில் ஒன்றான டாஸ்1ஆர்2, 247 எழுத்துகளை இழந்து வெறும் எச்சமாகக் கிடக்கிறது, அதனால்தான் பூனை சர்க்கரையைச் சட்டை செய்வதில்லை. மறுபுறம், வைட்டமின் சி-யைப் பூனையின் கல்லீரல் தானே தயாரித்துக்கொள்கிறது, நமக்கோ அதற்கான மரபணு எப்போதோ பழுதாகிவிட்டது. இந்த இரண்டையும் உங்கள் 90-க்குள் எப்படிச் சேர்ப்பீர்கள்?

நிலவன்: சேர்க்க முடியாதுதான். "நெருக்கமானது" என்ற சொல்லைத் திரும்பப் பெறுகிறேன், வரிசை பற்றிச் சொன்னதைத் திரும்பப் பெறவில்லை.

கயல்: வரிசையைப் பற்றி நமக்குள் தகராறே இல்லை.