தெர்மல் தாள் ரசீதுகளில் விரல்ரேகை எடுப்பது குறித்து உதவி தேவை
வணக்கம். விரல்ரேகை நிபுணராகப் பணியாற்றும் எனக்கு, தெர்மல் தாளில் (சூடுபட்டால் கறுக்கும் வேதிப்பூச்சு கொண்ட தாள்) அச்சான கடை ரசீதுகளும் ஏடிஎம் சீட்டுகளும் இப்போது அடிக்கடி ஆய்வுக்கு வருகின்றன. சாதாரணத் தாளில் நின்ஹைட்ரின் என்ற வேதிப்பொருள், வியர்வையிலுள்ள அமினோ அமிலங்களோடு வினைபுரிந்து ரேகைகளை ஊதா நிறத்தில் காட்டிவிடும். தெர்மல் தாளிலோ, நின்ஹைட்ரினைக் கரைக்கப் பயன்படும் எத்தனால், அசிட்டோன் போன்ற கரைப்பான்கள் பட்டதும் பூச்சு கறுத்து, ரேகையும் அச்செழுத்தும் சேர்ந்தே மறைந்துபோகின்றன. அந்த எழுத்துகளும் சான்றுதான் என்பதால், முதலில் படம் எடுத்துவைத்தாலும்கூட, பூச்சைக் கழுவி நீக்கும் முறையை என் மனம் ஏற்கவில்லை. அச்சு அழியாமல் ரேகையை வெளிக்கொணர, முனைவற்ற (மூலக்கூறில் மின்முனைகள் இல்லாத) கரைப்பான்களையோ அயோடின் ஆவியையோ பயன்படுத்திய அனுபவமுள்ளவர்கள், கரைசலின் செறிவு, ஈரப்பதம், காத்திருக்க வேண்டிய நேரம் ஆகியவற்றைப் பகிருமாறு வேண்டுகிறேன். வழக்கு விவரங்கள் எதையும் குறிப்பிட வேண்டாம்.