தேயிலை விலை ஏறியதா, இறங்கியதா?

மொட்டைமாடி: "பிரிட்டன் தேயிலை விலையை ஏற்றியது, பாஸ்டன் கொதித்தது, அமெரிக்கா பிறந்தது" என்று நேற்று ஒருவர் எழுதியிருக்கிறார். அதற்கு ஏகப்பட்ட லைக் வேறு! 1773 தேயிலைச் சட்டத்தால் விலை இறங்கியது ஐயா. கிழக்கிந்திய கம்பெனியின் கிடங்கில் தேங்கிக் கிடந்த சரக்கை நேராகக் காலனிகளுக்கு அனுப்ப அனுமதித்த சட்டம் அது.

கடலூரான்: அந்த "ஒருவர்" நான்தான், பெயரைச் சொல்லியே திட்டலாம். ஒரு பவுண்டு எடைத் தேயிலைக்கு 3 பென்ஸ் வரி இருந்ததா இல்லையா? வரி இருந்தால் விலை ஏறத்தான் செய்யும்.

மொட்டைமாடி: அது 1767-இல் போட்ட வரி. 1773-இல் புதிதாக எதுவும் ஏற்றவில்லை. விலை இறங்கியது.

பழைய பேப்பர்: விலையை விடுங்கப்பா. நம் ஆள் ஒருவர்கூட இல்லாத நாடாளுமன்றம் நமக்கு எப்படி வரி போடலாம் என்பதுதானே சண்டை? அந்தச் சூடு ஆறாமல்தான் 1781-இல் நடைமுறைக்கு வந்த அமெரிக்க மாநிலங்களின் கூட்டமைப்பில், காங்கிரஸ் என்ற அவர்களின் பொது மன்றத்துக்கு வரி போடும் அதிகாரமே தரவில்லை. போரிட்ட சிப்பாய்களுக்குச் சம்பளம் கொடுக்கவே திண்டாடினார்கள். 1787-இல் பிலடெல்பியாவில் கூடிப் புது அரசியலமைப்பு எழுத வேண்டியதாயிற்று.

மொட்டைமாடி: பாடத்துக்கு நன்றி சார். ஆனால் விலை இறங்கியது.

கடலூரான்: விலை இறங்கினால் எந்தக் கிறுக்கன் பாஸ்டன் துறைமுகத்தில் 342 தேயிலைப் பெட்டியைக் கடலில் கொட்டுவான்?

மொட்டைமாடி: டச்சுத் தேயிலையைக் கடத்தி விற்றுக்கொண்டிருந்தவனுக்குப் பிழைப்பு போகிறதே, அவன் கொட்டுவான். கம்பெனிக்கு மட்டும் சலுகையா என்று வயிறெரிந்த வியாபாரி கொட்டுவான். திப்பு திரியிலும் நீங்கள் இப்படித்தான், எதையும் படிக்காமல் வந்து குதித்தீர்கள்.

கடலூரான்: அந்தத் திரியா? அமெரிக்கப் போரில் யார்க்டவுனில் சரணடைந்த பிரிட்டிஷ் தளபதி கார்ன்வாலிஸும் திப்புவின் சீரங்கப்பட்டணத்தை முற்றுகையிட்ட கார்ன்வாலிஸும் வேறு வேறு ஆள் என்று அங்கே சாதித்தது யாராம்?

மொட்டைமாடி: நான் கேள்வியாகத்தான் கேட்டேன். ஸ்கிரீன்ஷாட் இருந்தால் போடுங்கள்.

நெல்லைக்காரி: வரியை எதிர்த்துப் பிரிந்தவர்களே 1791-இல் விஸ்கிக்கு வரி போட்டார்கள். பென்சில்வேனியா விவசாயிகள் எதிர்த்ததும் 1794-இல் வாஷிங்டனே படையோடு கிளம்பினார். அதைப் பற்றி யாரும் வாய் திறக்க மாட்டீர்களே?

கடலூரான்: விஸ்கி விலையும் அப்போது இறங்கியதா என்று அவரையே கேளுங்கள் அக்கா.

மொட்டைமாடி: கிண்டலுக்குக் குறைச்சலில்லை. தேயிலை விலை இறங்கியது, இறங்கியது, இறங்கியது!

பழைய பேப்பர்: நான் எழுதியதை யாராவது படித்தீர்களா?

கடலூரான்: ஸ்கிரீன்ஷாட் கிடைத்துவிட்டது. போடவா?