சோகப் பாட்டை வைத்து ரயில் டிக்கெட் விற்கலாமா? ஜப்பான் விளம்பரப் பாட்டுகள் பற்றி ஒரு வாக்குவாதம்

கடைசிப்பெட்டி:
ஜப்பானில் ஜே.ஆர். தோகாய் ரயில் கம்பெனி எடுத்த பழைய கிறிஸ்துமஸ் விளம்பரங்களை யூடியூபில் பார்த்துவிட்டு ஆளாளுக்கு உருகுகிறார்கள். குறிப்பாக 1989ல் வந்தது. நடிகை மகிசே ரிஹோ பரிசுப் பொட்டலத்தைக் கட்டிப்பிடித்துக்கொண்டு நகோயா ஸ்டேஷனுக்குள் ஓடிவருகிறார், வழியில் ஒருவர்மேல் மோதுகிறார், தொப்பியைப் பிடித்துக்கொண்டு மறுபடி ஓட்டம், அப்புறம் காதலன் டிக்கெட் கேட்டைத் தாண்டி வருவதைப் பார்த்ததும் ஒரு தூணுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டு மூச்சு வாங்குகிறார். பின்னணியில் யமஷிதா தத்சுரோ பாடிய ‘கிறிஸ்துமஸ் ஈவ்’.

அழகாகத்தான் இருக்கிறது, இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் அந்தப் பாட்டைக் கொஞ்சம் கேளுங்கள். மழை இரவு ஏறஏறப் பனியாகிவிடும், நீ வரப்போவதில்லை, நான் தனியாகத்தான் இருக்கப்போகிறேன் என்று ஒருவன் புலம்புகிறான். விளம்பரத்திலோ ஆள் ஜம்மென்று வந்து இறங்குகிறான், ஷின்கான்சென் புல்லட் ரயில் டிக்கெட் வாங்கினானே! பாட்டின் பொருளைத் தலைகீழாகப் புரட்டி வியாபாரம் செய்ததைக் கலை என்று கொண்டாடுவது எனக்கு எரிச்சலாக இருக்கிறது.

பழையகேசட்:
நண்பரே, அந்த விளம்பரம் இல்லையென்றால் நீங்களும் நானும் இந்தப் பாட்டைக் கேட்டிருப்போமா என்பதே சந்தேகம். பாட்டு வந்தது 1983ல். அப்போது ஊரே பாடிய பாட்டெல்லாம் இல்லை. 1988ல் ரயில்காரர்கள் எடுத்துப் போட்டார்கள், 1989 டிசம்பரில் ஓரிகான் என்ற இசை விற்பனைப் பட்டியலில் முதலிடம், அதாவது பிறந்து ஆறு வருஷம் கழித்து. அதற்கப்புறம் வருஷம் தவறாமல் பட்டியலுக்குள் எட்டிப் பார்க்கிறது. 30 வருஷம் தொடர்ந்து வந்ததற்குக் கின்னஸ் சான்றிதழே கொடுத்தார்கள்.

தலைகீழாகப் புரட்டினார்கள் என்பதும் அவசரப் பேச்சு. 1988ல் வந்த முதல் விளம்பரத்தைப் பாருங்கள். நடிகை ஃபுகாட்சு எரி ஸ்டேஷனில் காத்திருக்கிறார். இறங்கியவர்கள் எல்லாரும் போய்விட்டார்கள், அவனைக் காணோம். முகம் வாடுகிறது. அந்தச் சில நொடிகள் முழுக்க யமஷிதாவின் பாட்டுதான், அவன் வராமலே போயிருக்கலாம் என்ற பயம். பிறகுதான் தூண் மறைவிலிருந்து முகத்தைப் பரிசால் மறைத்துக்கொண்டு கோமாளித்தனமாக அவன் வருகிறான். பாட்டில் அந்த ஏக்கம் இல்லையென்றால் அவன் வந்ததற்கு என்ன மதிப்பு? உற்சாகப் பாட்டு ஒன்றைப் போட்டுப் பாருங்கள், வெறும் சோடி ஒன்று சந்தித்துக்கொள்ளும், அவ்வளவுதான்.

கணக்கர்:
இரண்டு பேருமே கவிதை பேசுகிறீர்கள். நான் கணக்குப் பேசுகிறேன். ஜப்பான் அரசு ரயில்வேயை உடைத்துத் தனியாரிடம் விட்டது 1987 ஏப்ரலில். புதிதாகப் பிறந்த கம்பெனிக்கு மக்கள் மனதில் ஒரு முகம் வேண்டியிருந்தது, ஒரு பெண்ணையும் ஒரு பாட்டையும் வைத்து வாங்கிக்கொண்டார்கள். இன்னொன்று, அந்தப் பாட்டு முதலிடத்துக்கு வந்த அதே டிசம்பரின் 29ஆம் தேதிதான் நிக்கேய் பங்குக் குறியீடு 38,915ஐத் தொட்டது. அப்புறம் சரிவுதான், அந்த உச்சத்தை மறுபடி பார்க்க 2024 ஆகிவிட்டது. இன்று அந்த விளம்பரத்துக்குக் கீழே அழுகிறவர்கள் பாட்டுக்காக அழுகிறார்கள் என்றா நினைக்கிறீர்கள்? கையில் காசும் உடம்பில் தெம்பும் இருந்த காலத்துக்காக அழுகிறார்கள்.

சுட்டமீன்:
ஒசாகாவில் குடியிருக்கிறவன் என்ற முறையில் ஒரு சின்னத் தகவல். ஷின்கான்சென் நள்ளிரவிலிருந்து காலை 6 மணி வரை ஓடாது. பாட்டில் மழை பனியாகிற நேரத்துக்குக் கடைசி வண்டியே போயிருக்கும். அவள் வராததற்கு ரயில்காரரையும் சேர்த்துத் திட்டலாம்.

அப்புறம் டிசம்பர் வந்தால் இங்கே கடைகளில் ஒலிக்கிற இன்னொரு விளம்பரப் பாட்டு கே.எஃப்.சி.க்காகத் தகேஉச்சி மரியா பாடியது, இந்த வருஷமும் கிறிஸ்துமஸ் வந்தாச்சு என்று குஷியாகப் போகும். அவர் வேறு யாருமில்லை, யமஷிதாவின் மனைவி. வீட்டுக்காரர் யாரும் வரவில்லை என்று அழுகிறார், வீட்டுக்காரம்மா கோழி விற்கிறார். நல்ல குடும்பம்!

பழையகேசட்:
சுட்டமீன், சிரித்துவிட்டேன். ஆனால் கணக்கருக்குப் பதில் சொல்லியாக வேண்டும். பாட்டு ஏதோ தூய்மையான இடத்தில் பிறந்து, விளம்பரம் வந்து அதைத் தொட்டுத் தீட்டாக்கிவிட்டது போலப் பேசுகிறோம். ஜப்பானில் பாதிக் கதை நேர்மாறு. பாடகி அராய் யுமியின் ‘யாசாஷிசா நி ட்சுட்சுமாரேதாரா’ 1974ல் ஃபுஜியா கம்பெனியின் சாஃப்ட் எக்ளேர் மிட்டாய் விளம்பரத்துக்கான பாட்டு. சின்ன வயதில் கடவுள் பக்கத்திலேயே இருந்தார், நினைத்ததெல்லாம் நடந்தது என்று ஆரம்பிக்கிற பாட்டு, மிட்டாய்க்கு! பதினைந்து வருஷம் கழித்து ஜிப்லி அனிமேஷன் ஸ்டுடியோவின் ‘கிகி’ படத்தின் முடிவில் அதைக் கேட்டுக் கண் கலங்கியவர்களில் எத்தனை பேருக்கு மிட்டாய் ஞாபகம் வந்திருக்கும்?

அழகுசாதனக் கம்பெனிகளின் போட்டியைச் சொன்னால் இன்னும் வேடிக்கை. ஷிசேய்தோவும் கனேபோவும் பருவத்துக்குப் பருவம் ஆளுக்கொரு பாட்டை இறக்குவார்கள். 1978 கோடையில் ஷிசேய்தோ பக்கம் யசாவா எய்கிச்சியின் ‘தோக்கி யோ தோமாரே’, கனேபோ பக்கம் சர்க்கஸ் குழுவின் ‘மிஸ்டர் சம்மர்டைம்’. இரண்டுமே முதலிடத்துக்குப் போயின. இரண்டாவது பாட்டில் ஒரு பெண், ஒரு கோடையில் தானே செய்த துரோகத்தால் காதலைத் தொலைத்ததை நினைத்து வருந்துகிறாள். இதைப் போட்டுக் கோடைக்கால மேக்கப் விற்கலாம் என்று ஒருவர் கூட்டத்தில் சொல்லி, மற்றவர்கள் தலையாட்டியிருக்கிறார்கள். அந்தத் துணிச்சலுக்கே கை தட்டலாம்.

கடைசிப்பெட்டி:
மிட்டாய்க்கென்றே எழுதிய பாட்டோடு எனக்குத் தகராறு இல்லை. அது பிறந்த வீடு, அங்கே அது எப்படி இருந்தாலும் சரி. நான் கேட்பது இரவல் வாங்கிய பாட்டைப் பற்றி. ஓதா கஸுமசாவின் ‘கோதோபா நி தெகினாய்’ உங்களுக்குத் தெரிந்திருக்கும். அவருடைய ஆஃப் கோர்ஸ் குழு பிரிந்துவிடும் என்ற பேச்சு இருந்த நேரத்தில், 1982 ஜூனில் டோக்கியோவின் புதோகான் அரங்கில் நடந்த 10 கச்சேரிகளின் கடைசி நாள், இந்தப் பாட்டின் நடுவில் அவருக்குத் தொண்டை அடைத்துப் பாட முடியாமல் போனது. முடியக்கூடாத அன்பு அறுந்துபோனது என்கிறது பாட்டு. முதலில் துக்கம், பிறகு தன்மேலேயே ஆத்திரம், கடைசியில்தான் உன்னைச் சந்தித்ததே பாக்கியம் என்ற நிறைவு. அந்த வரிசையில்தான் அதன் உயிர் இருக்கிறது. 1999ல் ஆயுள் காப்பீட்டுக் கம்பெனியான மெய்ஜி, சாதாரணக் குடும்பங்களின் புகைப்படங்களை ஒன்றன்பின் ஒன்றாகக் காட்டி இந்தப் பாட்டைப் போட்டது. விளம்பரத்தில் எல்லார் மனதிலும் நின்றது அந்தக் கடைசி நிறைவு மட்டும். துக்கத்தைப் படாமலே நிறைவை அனுபவிக்கலாம் என்கிறார்கள், பிரீமியம் கட்டினால் போதும்.

கணக்கர்:
அதில் என்ன அதிசயம்? அங்கே பெரும்பாலான டிவி விளம்பரங்கள் 15 நொடி. 15 நொடியில் துக்கம், ஆத்திரம், நிறைவு என்று மூன்று அங்க நாடகமா போட முடியும்?

பழையகேசட்:
போட்டிருக்கிறார்களே. 1983, சன்டோரி கேன் பீர். கார்ட்டூன் பெங்குவின்கள். மேடையில் ஒரு பெங்குவின் மைக் பிடித்து ஆங்கிலத்தில் மெல்லப் பாடுகிறது, கேட்டுக்கொண்டிருக்கிற இன்னொரு பெங்குவினுக்குக் கண்ணீர் வழிகிறது. மகிழ்ச்சியான முடிவும் இல்லை, தூண் மறைவிலிருந்து யாரும் வரவுமில்லை. பாடியது யார் என்று முதலில் திரையில் பெயர்கூடப் போடவில்லை, யார் இவர் என்று மக்கள் கேட்க ஆரம்பித்தார்கள். பார்த்தால் மட்சுதா செய்கோ! அப்போது உச்சத்தில் இருந்த ஐடல் பாடகி. பாட்டு ‘ஸ்வீட் மெமரீஸ்’. வேறொரு பாட்டின் ரெக்கார்டில் பின்பக்கத்தில் கிடந்ததை முன்பக்கத்துக்கு இணையாகப் போட்டு மறுபடி வெளியிடும்படி ஆயிற்று. பழைய காதலரைச் சந்தித்ததால் கிளறப்பட்ட சோகம் முழுசாக இருக்கிறது, பீர் ஓரமாக நிற்கிறது.

கணக்கர்:
பீர் ஓரமாக நின்றதா? அந்தப் பெங்குவின் அதோடு நிற்கவில்லை பாஸ். 1985ல் முழுநீளக் கார்ட்டூன் படமே எடுத்தார்கள், போர்முனையிலிருந்து மனம் உடைந்து திரும்பி வருகிற பெங்குவினின் கதை. பீர் கேனுக்கு வரைந்த பறவைக்குப் போர் வடு வரைக்கும் கொடுத்துவிட்டார்கள். சோகம் எவ்வளவு நன்றாக விற்கிறது என்பதற்கு இதைவிட என்ன ஆதாரம் வேண்டும்?

சுட்டமீன்:
2011ஐ யாரும் சொல்லவில்லையே. மார்ச் நிலநடுக்கம், சுனாமிக்குப் பிறகு கம்பெனிகள் தங்கள் விளம்பரங்களை நிறுத்திக்கொண்டன, டிவி முழுக்கப் பொதுநல அறிவிப்புகள்தான் திரும்பத் திரும்ப. ஏப்ரலில் அதே சன்டோரி, 71 பிரபலங்களை ஆளுக்கொரு வரியாக ‘உஏ ஓ முயிதே அருகோ’ பாட வைத்து ஒளிபரப்பியது. கண்ணீர் கீழே விழாமலிருக்க நிமிர்ந்து நடப்போம் என்கிற 1961ஆம் வருஷத்துப் பாட்டு. பாடிய சகமோட்டோ கியூ 1985 விமான விபத்தில் இறந்துபோனவர் என்பதும் எல்லாருக்கும் தெரியும். கேட்பவருக்கு வேறு விளக்கம் தேவைப்படவில்லை.

கடைசிப்பெட்டி:
அதை நான் மனதார ஏற்கிறேன். பாட்டு எதைச் சொன்னதோ அதையே சொன்னார்கள். இனோஉஎ யோசுயின் ‘ஷோனென் ஜிதாய்’ பாட்டை 1991ல் சோனி ஹேண்டிகேம் வீடியோ கேமராவுக்கு எடுத்ததையும் அதே கணக்கில் விட்டுவிடுகிறேன். கோடை போய்விட்டது என்கிற பாட்டு, போகிற கோடையைப் பிடித்து வைக்கிற கருவி. அங்கே பாட்டுக்கும் பொருளுக்கும் ஒரே கவலை. ஆனால் காப்பீட்டு விளம்பரத்துக்கு இன்னும் யாரும் பதில் சொல்லவில்லை.

பழையகேசட்:
சொல்கிறேன். அதே காப்பீட்டு விளம்பர வரிசைக்குப் பின்னாளில் ‘தாஷிகானா கோதோ’ என்று இன்னொரு பாட்டையும் கொடுத்தது ஓதா கஸுமசாதான். புதோகானில் தொண்டை அடைத்துப்போனவருக்கே அந்தப் புகைப்படங்கள் உறுத்தவில்லை.

கடைசிப்பெட்டி:
அவருக்கு உறுத்தவில்லை என்பதால் எனக்கும் உறுத்தக்கூடாது என்று எங்கே எழுதியிருக்கிறது? முழுப் பாட்டையும் ஒருமுறை வரிசையாகக் கேட்டுவிட்டு வாருங்கள், பிறகு பேசலாம்.